முன்பாத நரம்பு வலியும் காலணித் தேர்வும்

கால்விரல்களுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்காலின் முன்புறத்தில் மேடாக இருக்கும் பகுதியே முன்பாதம். ஒவ்வோர் அடியிலும் குதிகால் தரையை விட்டு எழும் நேரத்தில் உடலின் பாரம் அந்த மேட்டின் மீதுதான் இறங்குகிறது. மேட்டுக்குள்ளே, எலும்புகளின் இடைவெளியில், விரல்களின் உணர்வைத் தாங்கிவரும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று நெரிபட்டு நோகத் தொடங்கினால் காலில் எதை மாட்டுவது? எதை ஒதுக்குவது? கடையில் எதைப் பார்த்து வாங்குவது? இன்றைய உரையின் பொருள் இதுதான்.

இந்த வலிக்குத் தனி முகம் உண்டு. நடந்துகொண்டிருக்கும்போது மூன்றாம் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையில் சுரீரென்று ஓர் எரிச்சல். சில சமயம் ஷாக் அடித்ததுபோல விரல் நுனிவரை ஓடும் ஒரு வெட்டு. பிறகு அந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். ஷூவுக்குள் சிறு கல் புகுந்துவிட்டதுபோல, சாக்ஸ் மடிந்து கிடப்பதுபோல ஓர் உறுத்தல். கழற்றி உதறிப் பார்த்தால் கல்லும் இல்லை, மடிப்பும் இல்லை. ஆனால் கழற்றியதும், பாதத்தைச் சற்றுப் பிடித்துவிட்டதும், வலி தணிந்துவிடுகிறது. இந்தக் கடைசி அடையாளம்தான் முக்கியம். கல்யாண மண்டபத்திலோ அலுவலக மேசைக்கு அடியிலோ காலணியைக் கழற்றினால்தான் நிம்மதி என்றால், குற்றம் எங்கே இருக்கிறது என்பதை வலியே சொல்லிவிடுகிறது.

மருத்துவ உலகம் இதை அறிந்து ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. 1835இல் பிலிப்போ சிவினினி என்ற இத்தாலிய உடற்கூற்றியலாளர் இந்த நரம்பில் ஒரு தடிப்பைக் கண்டு எழுதினார். 1845இல் இங்கிலாந்து அரச குடும்பத்தின் பாத மருத்துவராக இருந்த லூயிஸ் டர்லாக்கர் இந்த வலியை விவரித்தார். ஆனாலும் நோய்க்குப் பெயர் வந்தது 1876இல் கட்டுரை எழுதிய பிலடெல்பியா அறுவை மருத்துவர் தாமஸ் ஜார்ஜ் மார்ட்டனால்தான். முதலில் கண்டவருக்குப் பெயர் போகவில்லை. மருத்துவ வரலாற்றில் இது புதிதும் அல்ல. ‘மார்ட்டன் நியூரோமா’ என்று மருத்துவச் சீட்டில் எழுதியிருந்தால் பயந்துவிடக் கூடாது. அது புற்றுநோய் அல்ல. சரியாகச் சொன்னால் கட்டியே அல்ல. ஓயாத நெருக்கடியால் நரம்பைச் சுற்றி நார்த்திசு தடித்துப்போகிறது, அவ்வளவுதான். இன்னொரு மார்ட்டனும் உண்டு. டட்லி மார்ட்டன் என்ற அவர் இருபதாம் நூற்றாண்டுக்காரர். கட்டைவிரலைவிட அடுத்த விரல் முன்னே நீண்டு தெரியும் பாதத்தை ‘மார்ட்டன் விரல்’ என்பது அவர் பெயரால். விரல் வேறு, நரம்பு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏன் அந்த இடத்தில்? ஏன் மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவில்? பாதத்தின் நடுவிலிருந்து விரல்களை நோக்கி ஐந்து நீண்ட எலும்புகள் செல்கின்றன. மெட்டாடார்சல் என்பது அவற்றின் பெயர். முன்முனையில் ஒவ்வொன்றும் உருண்டு தலைபோல முடிகிறது. இந்தத் தலைகளை ஒன்றோடொன்று கட்டிப்போடும் ஒரு நார்ப்பட்டை குறுக்கே ஓடுகிறது. விரல்களுக்குச் செல்லும் நரம்பு அந்தப் பட்டைக்குக் கீழே நுழைந்து போகிறது. மேலே இறுக்கமான பட்டை, கீழே தரை, இரு பக்கமும் எலும்பு. மூன்றாம் இடைவெளியில் செல்லும் நரம்பு பல பாதங்களில் இரண்டு கிளைகள் சேர்ந்து உருவாகிறது. ஆகவே அது சற்றுத் தடிமன். தடித்த நரம்பு, குறுகிய வழி. இரண்டாம் இடைவெளியிலும் இந்த வலி வருவதுண்டு. முதலாவதிலும் நான்காவதிலும் வருவது அரிது.

இனி, காலணி இங்கே என்ன செய்கிறது என்று பார்க்கலாம். மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டறிய ஒரு சோதனை செய்வார்கள். 1951இல் முல்டர் என்ற மருத்துவர் விவரித்தது அது. ஒரு கையால் முன்பாதத்தின் இரு பக்கங்களையும் சேர்த்து அமுக்கி, மறு கையின் விரலால் அடியிலிருந்து இடைவெளியை அழுத்துவார்கள். நரம்பு தடித்திருந்தால் ‘டிக்’ என்று ஒரு நழுவல் தெரியும்; வலியும் கிளம்பும். பக்கவாட்டில் ஓர் இறுக்கம், அடியிலிருந்து ஓர் அழுத்தம். கூர்முனை ஷூ செய்வதும் இதே இரண்டைத்தானே? மருத்துவர் சில நொடிகள் செய்கிற சோதனையைக் குறுகிய ஷூ காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை செய்துகொண்டிருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம், அதிலும் நடுவயதுப் பெண்களிடம், இந்த நோய் அதிகமாகக் காணப்படுவதற்கு முனை குறுகிய, குதி உயர்ந்த காலணிகள் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதனால்தான்.

குதி உயரும்போது என்ன நடக்கிறது? உடலின் பாரம் குதிகாலிலிருந்து முன்பக்கம் சரிகிறது. காலணிக்குள் அழுத்தமானிகளை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1 அங்குலக் குதி முன்பாதத்தின் மீதான அழுத்தத்தை 22 விழுக்காடு கூட்டியது. 2 அங்குலத்தில் அது 57 விழுக்காடு. 3 அங்குலத்தில் 76 விழுக்காடு. முனையும் கூர்மையாக இருந்தால் கேட்க வேண்டியதில்லை. மூவர் உட்காரும் பேருந்து இருக்கையில் ஐவரை உட்கார வைத்து, ஓட்டுநர் பிரேக்கையும் மிதித்தால் எப்படியோ, அப்படி ஐந்து விரல்களும் அந்த முக்கோணத்துக்குள் சரிந்து நெருங்குகின்றன. நரம்பு வலி உள்ளவருக்குக் குதி உயரம் 1 அங்குலத்துக்குள், அதாவது இரண்டரை சென்டிமீட்டருக்குள், இருப்பதே நலம். அதற்காகக் காகிதம்போல் மெலிந்த தட்டைச் செருப்புக்குப் பாய்ந்துவிடவும் வேண்டாம். கெண்டைக்கால் தசை இறுகியவர்களுக்குச் சுத்தமாகக் குதியே இல்லாத காலணியில் குதிகால் சீக்கிரம் எழும்பி முன்பாதம் அதிகம் உழைக்க நேரும். ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் தீங்கு செய்யாது.

அவையோரே, இந்த உரையின் மையக் கருத்து ஒன்றே ஒன்று. கால் வலிக்கிறது என்று கடைக்குப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? காலணியை எடுத்து உள்ளே கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்க்கிறார். “மெத்தென்று இருக்கிறதா?” என்பதுதான் அவர் கேள்வி. விற்பவரும் “பஞ்சு மாதிரி இருக்கும் சார்” என்பார். நெரிபடும் நரம்புக்கு இது தவறான முதல் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது இடம் இருக்கிறதா என்று. இரண்டாவது, எந்த இடத்தில் வளைகிறது என்று. மென்மை அதற்குப் பிறகுதான் வர வேண்டும். குறுகிய ஷூவுக்குள் மெத்தையைப் போட்டால் என்ன ஆகும்? இருக்கிற கொஞ்ச இடத்தையும் மெத்தை விழுங்கிவிடும். வலிக்குப் பயந்து விலையுயர்ந்த ஜெல் இன்சோல் வாங்கி, பழைய இறுக்கமான ஷூவுக்குள்ளேயே திணித்து, வலி கூடிப்போய்த் திகைப்பவர்களின் கதை இதுதான்.

இடம் என்பது எங்கிருந்து வருகிறது? காலணித் தொழிற்சாலையில் ‘லாஸ்ட்’ என்று ஒரு அச்சுக்கட்டை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ தைக்கிற தொழிலாளரில் இந்தச் சொல்லை அறியாதவர் இருக்க முடியாது. கால்வடிவில் செதுக்கிய அந்தக் கட்டையின் மேல்தான் தோலை இழுத்துப் போர்த்தி ஷூவை உருவாக்குகிறார்கள். கட்டை குறுகலாக இருந்தால் ஷூவும் குறுகல். தோல் எவ்வளவு உயர்ந்ததானாலும் சரி, விலை எவ்வளவானாலும் சரி. யாருடைய காலுக்காகச் செதுக்கிய கட்டை அது என்பதே கேள்வி. இந்தியாவில் நெடுங்காலமாகப் பிரிட்டிஷ் அளவு முறையே வழக்கில் இருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் பல பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பது அதில் தெரியவந்தது. ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கான புதிய அளவு முறை ஒன்றும் அதன் அடிப்படையில் முன்மொழியப்பட்டது. ஆக, ஷூ பிடிக்கிறது என்று புலம்புகிறவரின் காலில் குறை இல்லை, கட்டையில்தான் குறை.

அகலம் போதவில்லை என்றால் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறார்கள். ஏழு பிடிக்கிறதா, எட்டு எடு. எட்டும் பிடிக்கிறதா, ஒன்பது எடு. இது தீர்வுபோலத் தோன்றும், தீர்வல்ல. பிரிட்டிஷ் முறையில் ஒரு சைஸ் கூடினால் நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் கூடும். அகலமோ அதைவிட மிகக் குறைவாகத்தான் கூடுகிறது. இரண்டு சைஸ் ஏறியவரின் ஷூவில் முன்னால் வெற்றிடம், பின்னால் குதிகால் வழுக்கல், நடுவில் அதே இறுக்கம். வழுக்கும் ஷூவைப் பிடித்து நிறுத்த விரல்கள் தாமாகவே சுருண்டு கவ்வும். அப்படிச் சுருளும்போது மெட்டாடார்சல் தலைகள் கீழ்நோக்கி அழுந்தும். வலி போகவில்லை, கூடவே குதிகாலில் கொப்புளமும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு பாதங்களில், ஒருவருக்கு விரல்கள் நீளம்; மற்றவருக்கு விரல்கள் குட்டை. குதிகாலிலிருந்து முன்பாத மேடு வரையுள்ள தூரம் இருவருக்கும் ஒன்றல்ல. ஷூவின் மிக அகலமான இடமும், பாதத்தின் மிக அகலமான இடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சோல் வளைகிற இடம் ஓரிடம், கால் வளைகிற இடம் வேறோரிடம். அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகருவி நீளம், அகலம், குதி முதல் முன்பாத மேடு வரையுள்ள தூரம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அளக்கிறது. அந்தத் தகடு இருக்கிற கடை நம் ஊரில் கிடைத்தால் அதிர்ஷ்டம். நம் கடைகளில் பெரும்பாலும் “என்ன சைஸ் சார்?” என்ற கேள்வியோடு அளவெடுப்பு முடிந்துவிடுகிறது.

கருவி இல்லையா? ஒரு காகிதமும் பென்சிலும் போதும். மாலை நேரத்தில் அளப்பது நல்லது, ஏனெனில் நாள் முழுக்க நின்றும் நடந்தும் பாதம் சற்று வீங்கியிருக்கும். உட்கார்ந்துகொண்டு அளக்கக் கூடாது. பாரம் இறங்கும்போதுதான் பாதம் பரந்து விரியும். இரண்டு கால்களிலும் சமமாக நின்று, வேறொருவர் பென்சிலை நேர்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். இரு பாதங்களையும் வரைய வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது குறைவு. வீட்டிலுள்ள ஒவ்வொரு காலணியையும் அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எத்தனை காலணிகளின் முன்பகுதி கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது! இத்தனை நாள் அந்தப் பாதம் எப்படி அதற்குள் இருந்தது? மடங்கித்தான், நெருங்கித்தான், ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான். படத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஷூவுக்குள் இருக்கும் இன்சோல் கழற்றக் கூடியதானால் அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நிற்க வேண்டும். பாதம் இரு பக்கமும் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். மாட்டிக்கொண்டு நிற்கும்போது மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். உள்ளே ஐந்து விரல்களையும் விரித்து ஆட்ட முடிய வேண்டும். மேற்பகுதியின் உயரத்தையும் மறக்கக் கூடாது. விரல்களை மேலிருந்து அமுக்கும் தட்டையான ஷூ பக்கவாட்டில் அகலமாக இருந்தும் பயனில்லை. தினமும் அணியும் அதே சாக்ஸுடன்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மெட்டி அணியும் பெண்களுக்கு மூடிய ஷூவில் அந்த மெட்டிக்கும் சேர்த்து இடம் வேண்டும். பெரிய காலுக்குப் பொருந்துவதை வாங்க வேண்டும், சிறிய காலுக்கு அல்ல. இன்னொன்று: “போடப் போட விட்டுக்கொடுக்கும்” என்ற பேச்சை நம்பி இறுக்கமானதை வாங்கக் கூடாது. தோல் விட்டுக்கொடுப்பதற்குள் நரம்பு விட்டுக்கொடுத்துவிடும்.

லேஸ் உள்ள ஷூவுக்கு ஒரு சிறப்பு உண்டு. குதிகாலையும் பாதத்தின் மேற்புறத்தையும் அது இறுக்கிப் பிடிக்கும். முன்பாதத்தைத் தளர்வாக விடலாம். முன்பக்கத்து முதல் ஓட்டைகளில் லேஸைக் கோக்காமல் அடுத்த ஓட்டையிலிருந்து தொடங்கினால் முன்பாதத்துக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். காசு செலவில்லாத வைத்தியம் இது. லேஸ் கட்டக் குனிய முடியாதவர்களுக்கு வெல்க்ரோ பட்டை அதே வேலையைச் செய்யும். ஆனால் பட்டை ஏதுமில்லாமல் அப்படியே நுழைத்துக்கொள்ளும் ஷூ நழுவாமல் இருக்க வேண்டுமானால் இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும். எந்த இடத்தில் இறுக்கம்? முன்பாதத்தில்தான். நரம்பு வலிக்காரருக்கு அது ஒத்துவராது.

அடுத்தது சோல். கால் தரையை உந்தி எழும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அந்த நேரத்தில் நரம்பு இழுபட்டு நார்ப்பட்டையின் விளிம்பில் அழுந்துகிறது. ஆகவே முன்பகுதி எளிதில் வளையாத சோல் இந்த நோய்க்கு நல்லது. இரு கைகளாலும் ஷூவைப் பிடித்து மடக்கிப் பார்க்கலாம். துணிபோல இரண்டாக மடிந்தால் அது ஏற்றதல்ல. நடுவில் மடிந்தால் அது யாருக்குமே ஏற்றதல்ல. விரல்கள் தொடங்கும் இடத்தில், கொஞ்சம் எதிர்ப்புக் காட்டி வளைய வேண்டும். முறுக்கிப் பார்த்தால் ஈரத் துணியைப்போலப் பிழியக் கூடாது. சில ஷூக்களின் சோல் முன்பாத மேட்டுக்குப் பின்னாலிருந்தே மேல்நோக்கி வளைந்திருக்கும். ராக்கர் சோல் என்பது அதன் பெயர். விரல்களை மடக்காமலேயே பாதம் உருண்டு முன்னே செல்ல அது உதவுகிறது. இப்போதைய ஓட்டப் பயிற்சி ஷூக்கள் பலவற்றில் இந்த வளைவைக் காணலாம். தடுமாற்றம் உள்ள முதியவர்கள் மட்டும் எச்சரிக்கையாகப் பழக வேண்டும், ஏனென்றால் உருளுகிற சோல் நிற்பதற்குப் பிடிமானம் குறைந்தது.

எல்லாவற்றிலும் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் பொருள் ஒன்று இருக்கிறது. மெட்டாடார்சல் பேட் என்னும் சிறு மேடு. கண்ணீர்த்துளி வடிவில், ரப்பரிலோ ஃபெல்ட்டிலோ, ஒட்டும் பசையுடன் மருந்துக் கடையில் கிடைக்கும். வாங்கியவர் எங்கே ஒட்டுவார்? வலிக்கிற இடத்தில்! இயல்புதானே? வலிக்கிற இடத்தில் மருந்து தடவித்தானே நமக்குப் பழக்கம்? ஆனால் வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே அதை வைத்தால், நெரிபடும் நரம்பை அடியிலிருந்து இன்னொரு கை அமுக்குகிறது என்றே பொருள். அது இருக்க வேண்டிய இடம் வலிக்குப் பின்னால், குதிகால் பக்கமாக, மெட்டாடார்சல் தலைகளுக்குச் சற்றுப் பின்னால். அங்கே அது எலும்புகளின் தண்டைத் தாங்கி உயர்த்துகிறது. தலைகளின் பாரம் குறைகிறது. இடைவெளி சற்று விரிகிறது. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக்கோ குங்குமமோ தொட்டு வைத்து, இன்சோலின் மேல் ஓரடி மிதித்தால் தடம் பதியும். அந்தத் தடத்துக்குப் பின்னால் பேடின் முன்விளிம்பு வர வேண்டும். முதலில் தற்காலிகமாக ஒட்டி, சில நாள் நடந்து, அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே நகர்த்திப் பார்த்த பிறகே நிரந்தரமாக ஒட்ட வேண்டும். பேட் வைக்கும் ஷூவில் அதற்கும் சேர்த்து இடம் இருக்க வேண்டும் என்பதைத் திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதுமா? நம் ஊரில் பெரும்பாலான கால்கள் செருப்பில்தானே இருக்கின்றன? செருப்பில் ஒரு நன்மை உண்டு: விரல்களைப் பக்கவாட்டில் நெருக்குவதில்லை. ஆனால் விரலிடை வார் உள்ள மெலிந்த ரப்பர் செருப்பு நழுவாமல் இருக்க, ஒவ்வோர் அடியிலும் விரல்கள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. சோலும் இலைபோல வளைகிறது. நெருக்கம் இல்லை, ஆனால் வளைவும் அழுத்தமும் உண்டு. பின்வார் உள்ள, முன்பாதத்தின் குறுக்கே அகலமான சரிசெய்யக்கூடிய பட்டை உள்ள, தடித்த சோல் கொண்ட சாண்டல் இதைவிட எவ்வளவோ மேல். வெயில் ஊருக்கும் அதுவே ஏற்றது.

வீட்டுக்குள் செருப்பு அணியாதது நம் வழக்கம். சாணம் மெழுகிய மண் தரையில் அது குறையாகத் தெரிந்திருக்காது. இன்று பெரும்பாலான வீடுகளில் டைல்ஸும் கிரானைட்டும். சமையலறையில் மணிக்கணக்கில் வெறுங்காலில் கல்தரையில் நிற்கும் பெண்களுக்கு, வெளியே போகும்போது மட்டும் நல்ல காலணி இருந்து என்ன பயன்? வீட்டுக்குள் மட்டும் அணிவதற்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் ஆசாரமும் கெடாது, காலும் நோகாது. பூஜை அறை வாசலில் கழற்றிவிட்டுப் போனால் ஆயிற்று.

காலணியைத் தாமே தேர்ந்துகொள்ள முடியாதவர்களும் இருக்கிறார்கள். சீருடையோடு கறுப்பு ஷூவும் கட்டாயம் என்னும் பணிகள் எத்தனை! காவலர், பாதுகாப்பு ஊழியர், ஓட்டல் பணியாளர், ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. நாற்காலி வந்த கடைகளில் கால்கள் சற்று இளைப்பாறுகின்றன. ஆனால் சீருடை ஷூவை மொத்தமாக வாங்கும்போது நீளத்தை மட்டும் கேட்டு, அகலத்தைக் கேட்காமல் விடுவது சரியல்ல. ஒரே நீளத்தில் சாதாரண அகலம், கூடுதல் அகலம் என இரண்டு வகை தயாரிக்கும் நிறுவனங்கள் உள்ளன; ‘டூ-ஈ’, ‘ஃபோர்-ஈ’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது அந்தக் கூடுதல் அகலத்தைத்தான். கேட்டால் கிடைக்கும்.

இப்போது ஓர் எச்சரிக்கை. இதுவரை சொன்னதெல்லாம் உணர்வுள்ள காலுக்கு. சர்க்கரை நோயால் வரும் நரம்புச் சிதைவு வேறு. அதில் எரிச்சல் இரு விரல்களுக்கு நடுவில் நிற்காது; பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும், சாக்ஸ் மூடும் பரப்பெங்கும் பரவும்; காலணியைக் கழற்றினாலும் தணியாது; இரவில் கூடும். பிறகு மெல்ல உணர்வே போய்விடும். வலி போய்விட்டது என்று மகிழ வேண்டிய இடமல்ல அது. இதைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே உலகுக்கு உணர்த்திய மருத்துவர் ஒருவர் உண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளிடையே பணி செய்தார். அவர்களின் கால்கள் புண்ணாகி அழிவது தசை தானாக அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்துகொண்டிருப்பதால்தான் என்று அவர் காட்டினார். அந்த உணர்விழந்த பாதங்களுக்காகப் பிராண்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பைக் கொண்டுவந்தனர். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதிக்கொடுப்பது அந்த வழியில் வந்ததே. உணர்விழந்த காலுக்கு மென்மை முதல் தேவை. நெரிபடும் நரம்புள்ள காலுக்கு இடம் முதல் தேவை. எந்தக் கால் என்று தெரியாமல் காலணி வாங்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் எந்தப் பேடையும் தாமாக ஒட்டிக்கொள்ளவும் கூடாது. உணராமலேயே அது புண்ணாக்கிவிடும்.

முன்பாத வலி எல்லாமே நரம்பு வலியும் அல்ல. மெட்டாடார்சல் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வலிக்கும். அதில் பாதத்தின் மேற்புறம் வீங்கியிருக்கும், எலும்பைத் தொட்டாலே நோகும். கட்டைவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கினால் கவுட் ஆக இருக்கலாம். காலையில் பல மூட்டுகள் இறுகி வலித்தால் முடக்குவாதத்தை நினைக்க வேண்டும். இவற்றுக்குக் காலணி மட்டும் மருந்தாகாது.

நரம்பு நெரிவுதான் என்று உறுதியானால், சரியான காலணியும் சரியான இடத்தில் பேடும் பல பேருக்கு, அதிலும் தொடக்க நிலையில், போதுமானவை. ஓரிரு நாளில் பலன் தெரியாது. சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பொறுக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாரம் ஒருநாள் விசேஷத்துக்கென்று பழைய கூர்முனைக்குத் திரும்பினால் தணிந்த எரிச்சல் மறுபடி மூளும். அப்படியும் தீராதபோது ஸ்டீராய்டு ஊசி உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் நரம்பின் தடித்த பகுதியை அகற்றும் அறுவை உண்டு. நரம்பை அகற்றிய பின் அந்த இரு விரல்களுக்கு நடுவில் மரப்பு நிலைத்துவிடும். சிலருக்கு வெட்டிய முனையிலேயே வலி திரும்புவதும் உண்டு. ஆகவே அறுவைக்கு முன் காலணியை மாற்றிப் பார்த்தாயிற்றா என்று நல்ல மருத்துவர் கேட்பார். அவரிடம் போகும்போது புதிய ஷூவைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். தினமும் தேய்ந்து உழைக்கும் அந்தப் பழைய ஜோடியையும், வீட்டில் போடும் செருப்பையும், பாதம் வரைந்த காகிதத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் காட்டாத சில விஷயங்களை அந்தப் பை காட்டும்.